சரக்கிருப்பும் அடக்க விலையும்

மார்ச்சு மாதம் 31-ந் தேதி மாலையில் சங்கத்தின் கிடங்கைத் திறந்து வைத்து, ஒருவர் எண்ணிச் சொல்ல மற்றொருவர் எழுதிக்கொண்டு போகும் காட்சியை அங்கத்தினர்களில் பலர் பார்த்திருக்கலாம். இத்தனை கட்டு நூல், இத்தனை புடவை, இத்தனை போர்வை, இத்தனை மூட்டை உரம் என்று தாள் தாளாக நிரம்பும். முன்னாட்களில் கூட்டுறவு ஆண்டு ஜூன் 30-ந் தேதியோடு முடிந்தது. இப்பொழுது மார்ச்சோடு முடிகிறது. தேதி மாறிற்றேயன்றி வேலை மாறவில்லை.

எண்ணுவது எளிது. எண்ணி முடித்த பின்னர், ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே என்ன விலையை எழுதுவது என்ற கேள்வி எழுகிறதே, அதுதான் கடினம். அந்த ஒரு பத்தியில் எழுதும் தொகையைப் பொறுத்தே அவ்வாண்டில் சங்கத்துக்கு லாபமா, நஷ்டமா என்பது முடிவாகிறது. லாப ஈவு உண்டா, நெசவாளருக்குப் போனஸ் உண்டா, சேம நிதிக்கு ஏதேனும் சேருமா என்பனவெல்லாம் அதன் பின்னரே. ஆயினும் மகாசபையில் கணக்கு வாசிக்கப்படும்போது ரொக்க இருப்பைப் பற்றிப் பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள். சரக்கிருப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ரொக்கத்தை எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சரக்கிருப்பின் மதிப்பையோ எண்ணிப் பார்த்து மட்டும் அறிய இயலாது. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

வியாபாரக் கணக்கின் அடிப்படை மிகச் சுருக்கமானது. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த சரக்கு, அதனோடு ஆண்டில் கொள்முதல் செய்த சரக்கு, இவ்விரண்டின் கூட்டுத் தொகையிலிருந்து ஆண்டு முடிவில் மிஞ்சிய சரக்கைக் கழித்தால் கிடைப்பது விற்றுப்போன சரக்கின் அடக்கம். விற்று வந்த பணத்திலிருந்து அவ்வடக்கத்தைக் கழித்தால் மொத்த லாபம். இதில் விற்று வந்த பணம் ரசீதுகளால் தெரியும். கொள்முதல் பட்டியல்களால் தெரியும். இறுதி இருப்பு ஒன்றுதான் மதிப்பிட வேண்டியது. அதனை ஆயிரம் ரூபாய் கூட்டி எழுதினால் லாபம் ஆயிரம் ரூபாய் கூடும். குறைத்து எழுதினால் அதே அளவு குறையும். அன்றியும் இவ்வாண்டின் இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் ஆரம்ப இருப்பாகையால், இன்று கூட்டிக் காட்டிய லாபம் நாளை நஷ்டமாகத் திரும்பி வந்து நிற்கும்.

அடக்கம் என்பது எது?

மில்லின் பட்டியலில் கண்ட விலை மட்டும் அடக்கம் ஆகாது. நூல் நம் கிடங்குக்கு வந்து சேரும் வரை ஆகும் வண்டிச் சத்தம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு ஆகியவை சேரும். மில்லார் கொடுத்த வியாபாரக் கழிவு கழியும். 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியைப் பொறுத்தவரை, கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறக்கூடுமாயின் அது அடக்கத்தில் சேராது; திரும்பப் பெற இயலாதாயின் சேரும்.

கடை வாடகை, விற்பனையாளர் சம்பளம், விளம்பரம், வங்கிக் கடன் வட்டி இவற்றை அடக்கத்தோடு சேர்ப்பது தவறு. இவை அந்தந்த ஆண்டின் செலவாகவே எழுதப்பட வேண்டும். சில சங்கங்களில் இவற்றையும் புடவையின் தலையில் ஏற்றி, "அடக்கம்" என்று பெயரிட்டு இருப்பில் வைத்துவிடுகிறார்கள். விற்காத சரக்கின் மீது சென்ற ஆண்டுச் சம்பளம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விற்காமலிருக்கும் காலமெல்லாம் அந்தச் செலவு எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஒரே நூல், மூன்று கணக்கு

அடக்கம் இன்னதென்று தெரிந்துவிட்டாலும் ஒரு சிக்கல் மீதியிருக்கிறது. ஒரே ரக நூலை ஆண்டில் மூன்று முறை மூன்று விலைக்கு வாங்கியிருக்கிறோம். கிடங்கில் மிஞ்சியிருப்பது எந்த விலை நூல்?

ஒரு சங்கம் 40-ம் நம்பர் சிட்ட நூலை வாங்கி நெசவாளர்களுக்கு விற்பதாகக் கொள்வோம். ஏப்ரல் 1-ந் தேதி இருப்பு 200 கிலோ, கிலோ ரூ. 300 வீதம் ரூ. 60,000. ஜூனில் வாங்கியது 300 கிலோ, ரூ. 340 வீதம் ரூ. 1,02,000. நவம்பரில் வாங்கியது 500 கிலோ, ரூ. 380 வீதம் ரூ. 1,90,000. ஆக மொத்தம் 1,000 கிலோ, அடக்கம் ரூ. 3,52,000. இவற்றில் 700 கிலோ விற்று ரூ. 2,80,000 வந்தது. சம்பளம், வாடகை முதலிய செலவு ரூ. 25,000. மார்ச்சு 31-ல் மிஞ்சியது 300 கிலோ.

முதலில் வந்தது முதலில் சென்றது என்று கொண்டால், மிஞ்சிய 300 கிலோவும் நவம்பர் நூலே. ரூ. 380 வீதம் இருப்பு ரூ. 1,14,000. விற்ற நூலின் அடக்கம் ரூ. 2,38,000, மொத்த லாபம் ரூ. 42,000; செலவு போக நிகர லாபம் ரூ. 17,000.

எல்லாவற்றையும் கலந்து சராசரி கண்டால் கிலோ ரூ. 352. இருப்பு ரூ. 1,05,600. விற்றதன் அடக்கம் ரூ. 2,46,400, மொத்த லாபம் ரூ. 33,600, நிகர லாபம் ரூ. 8,600.

கடைசியில் வந்தது முதலில் சென்றது என்று கொண்டாலோ, மிஞ்சியது பழைய 200 கிலோவும் ஜூன் மாதத்து 100 கிலோவும். இருப்பு ரூ. 94,000. விற்றதன் அடக்கம் ரூ. 2,58,000; மொத்த லாபம் ரூ. 22,000; செலவு ரூ. 25,000 போக, நஷ்டம் ரூ. 3,000.

ஒரே கிடங்கு, ஒரே நூல், ஒரே ரொக்கப் பெட்டி. ஒரு கணக்கில் பதினேழாயிரம் லாபம். மற்றொன்றில் மூவாயிரம் நஷ்டம். இதில் எவரும் பொய் எழுதவில்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். மூன்றும் கூட்டல் கழித்தலில் சரியானவையே.

எனில் எதைக் கைக்கொள்வது? இந்தியப் பட்டயக் கணக்காயர் கழகம் 1981-ம் ஆண்டில் வெளியிட்டு 1999-ல் திருத்தி அமைத்த, சரக்கிருப்பு மதிப்பீடு பற்றிய இரண்டாவது கணக்கியல் தரநிலை, முதல் இரண்டு முறைகளையே ஏற்கிறது, மூன்றாவதை விலக்கிவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டு வரிச் சட்டமோ 1930-களின் இறுதியிலிருந்து மூன்றாவதையும் அனுமதித்து வருகிறது. விலை ஏறும் காலத்தில் அம்முறை லாபத்தைக் குறைத்துக் காட்டுவதால் வரியும் குறையும். அங்குள்ள கம்பெனிகள் அதை விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

நமது நூல் கிடங்குகளுக்குச் சராசரி முறையே பொருந்தும் என்பது என் கருத்து. ஒரே நம்பர் நூல் கட்டோடு கட்டு கலந்துவிடுகிறது. எது ஜூன் நூல், எது நவம்பர் நூல் என்று கிடங்குக்காரரால் காட்ட முடியாது. உரம், விதை, எண்ணெய் போன்று காலாவதித் தேதி உடையவற்றுக்கு முதலில் வந்ததை முதலில் அனுப்பும் முறையே ஏற்றது. ஏனெனில் அவற்றை உண்மையிலேயே அவ்வாறு விற்றாக வேண்டும். எம்முறையைத் தேர்ந்தாலும் ஆண்டுதோறும் அதையே பின்பற்ற வேண்டும். லாபம் வேண்டிய ஆண்டில் ஒரு முறை, வரி குறைய வேண்டிய ஆண்டில் வேறு முறை என்று மாற்றிக்கொள்வது கணக்கு ஆகாது.

விலை இறங்கினால்?

மேலே கண்டது விலை ஏறிய ஆண்டின் கதை. ஏறிய விலை இறங்காமல் இருப்பதில்லை. கோயமுத்தூர்ச் சீமையில் பஞ்சோடும் நூலோடும் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2011-ம் ஆண்டு மார்ச்சில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு 60,000 ரூபாயைத் தாண்டிற்று. சில மாதங்களுக்குள் 40,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2022-ம் ஆண்டு மே மாதத்தில் அதே கண்டி ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 70,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கிக் கிடங்கில் வைத்திருந்தவர்களின் கதி என்ன ஆகும்?

நமது எடுத்துக்காட்டிலேயே, மார்ச்சு 31-ல் 40-ம் நம்பர் நூலின் விற்பனை விலை கிலோ ரூ. 330 ஆக இறங்கிவிட்டதென்றும், விற்பதற்குக் கிலோவுக்கு ரூ. 10 செலவாகும் என்றும் கொள்வோம். கைக்கு வரக்கூடியது ரூ. 320. அடக்கம், கைக்கு வரக்கூடிய தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே இருப்பின் மதிப்பு என்பது விதி. முதலில் வந்தது முதலில் என்ற முறையில் அடக்கம் ரூ. 380, சராசரி முறையில் ரூ. 352, இரண்டும் ரூ. 320-க்கு மேற்பட்டவை. ஆகவே எவ்வழி சென்றாலும் இருப்பு ரூ. 96,000 தான். பதினேழாயிரமும் எண்ணாயிரத்து அறுநூறும் போய், இரண்டு கணக்கிலும் ஆயிரம் ரூபாய் நஷ்டம் நிற்கும். விலை இறங்கிய ஆண்டில் முறைகளுக்குள் உள்ள வேற்றுமை மறைந்துவிடுகிறது.

இவ்விதி புதியதன்று. பிரான்சு தேசத்தில் ழாக் சவாரி என்பவர் 1675-ம் ஆண்டில் வியாபாரிகளுக்காக எழுதிய நூலிலேயே, பழுதான சரக்கையும் விலை இறங்கிய சரக்கையும் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று கூறியிருக்கிறார். விலை இறங்கினால் உடனே நஷ்டத்தை ஒப்புக்கொள். விலை ஏறினால் விற்கும் வரை லாபம் என்று பேசாதே என்பது அதன் கருத்து. ஒருபக்கமாகச் சாய்ந்த விதி என்று சிலர் குறை கூறுவர். சாய்ந்ததுதான். ஆனால் பிறர் பணத்தைக் கையாளும் சங்கத்துக்கு அந்தப் பக்கமாகச் சாய்வதே நன்று.

இங்கே ஒரு விலக்கு உண்டு. நெசவாளர் சங்கங்களுக்கு இது முக்கியம். நூலை நூலாகவே விற்பதற்கு வைத்திருந்தால் மேற்கண்டபடி குறைக்க வேண்டும். சங்கமே துணி நெய்விப்பதற்காக வைத்திருக்கும் நூலாயின், அந்நூலால் நெய்யப்படும் துணி தன் முழு அடக்கத்துக்கோ அதற்கு மேலோ விற்கும் என்று எதிர்பார்க்கக் கூடுமானால், நூலின் விலையைக் குறைக்க வேண்டுவதில்லை. சந்தையில் நூல் விலை இறங்கியது என்ற ஒரே காரணத்தால் பதறிக் குறைத்து எழுதுவதும் பிழையே. துணி விலையும் அடக்கத்துக்குக் கீழே போகுமானால் குறைத்தே தீர வேண்டும்.

நெசவாளர் சங்கத்தின் இருப்பு எங்கே இருக்கிறது?

மளிகைக் கடையின் சரக்கு கடையில் இருக்கும். நெசவாளர் சங்கத்தின் சரக்கு அவ்வாறன்று. பாதிக்கு மேற்பட்டது கிடங்குக்கு வெளியேதான் இருக்கும். சாயப்பட்டறையில் சாயம் ஏற்றக் கொடுத்த நூல், பாவு ஓடுபவரிடம் உள்ள நூல், அங்கத்தினர் வீட்டுத் தறியில் பாதி நெய்து நிற்கும் பாவு, ஊடைக்குக் கொடுத்த நூல், கண்காட்சிக்கு அனுப்பித் திரும்பி வராத துணி, விற்றால் பணம் என்ற ஏற்பாட்டில் வெளியூர் நிலையத்தில் வைத்த துணி இவை யாவும் சங்கத்தின் சொத்தே. கிடங்கை மட்டும் எண்ணிவிட்டு இருப்பெடுத்ததாகச் சொன்னால் பாதி வேலைதான் முடிந்தது.

தறியில் உள்ள பாவை எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு பாவில் எட்டுப் புடவை எனில், ஐந்து இறக்கிக் கொடுத்தாயிற்று, மூன்று தறியில் உள்ளது என்று நெசவாளரின் பாஸ் புத்தகம் காட்டும். மூன்று புடவைக்குரிய நூலும் சாயமும் பாவுச் செலவும் இருப்பில் சேரும். கூலியில், நெய்து முடிந்த அளவுக்கு உரியது மட்டுமே சேரும். நெசவாளர் முன்பணம் பெற்றிருந்தால் அது முன்பணக் கணக்கில் நிற்க வேண்டுமே தவிர, சரக்கில் கலக்கலாகாது. இரண்டையும் கலந்துவிட்டால், பணம் திரும்ப வர வேண்டிய பாக்கி ஒருபுறம் சரக்கைப் போல் வேடமிட்டு நிற்கும்.

கழிவு நூலைப் பற்றியும் ஒரு சொல். பாவு ஓடும்போதும் நெய்யும்போதும் சிறிது நூல் கழிவது இயல்பு. அந்த அளவு இவ்வளவு என்று நிர்வாகக் கமிட்டி முன்கூட்டியே தீர்மானித்து வைத்தால், அது துணியின் அடக்கத்தில் சேர்ந்துவிடும். அளவுக்கு மிஞ்சிய கழிவை அடக்கத்தில் சேர்க்காமல் தனிச் செலவாக எழுத வேண்டும். எலி கடித்த நூலின் விலையைப் புடவையின் மேல் ஏற்றினால், புடவை அதனால் உயர்ந்த புடவை ஆகிவிடுவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்குப் பார்க்கச் சென்றிருந்த ஒரு சங்கத்தைப் பற்றி இங்கே கூற வேண்டும்; பெயர் வேண்டா. அங்கே இருப்பிலிருந்த புடவைகள் யாவும் விலைச் சீட்டில் கண்ட விற்பனை விலைக்கே ஐந்தொகையில் ஏறியிருந்தன. "விற்கப்போகும் விலை அதுதானே?" என்று காரியதரிசி கேட்டார், நல்ல மனிதர், ஒரு காசு கையாடல் அறியாதவர். இன்றைய விலைவாசியில் அதனை இவ்வாறு விளக்கலாம். ஒரு புடவைக்கு நூல் ரூ. 420, சாயம் ரூ. 80, பாவுச் செலவு ரூ. 60, கூலி ரூ. 540, ஆக அடக்கம் ரூ. 1,100. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து விலைச் சீட்டு ரூ. 1,320. நானூறு புடவை இருப்பில் இருந்தால், விற்பனை விலைக்கு மதிப்பிடும்போது புடவைக்கு ரூ. 220 வீதம் ரூ. 88,000 லாபம் கணக்கில் வந்துவிடும். ஒரு புடவைகூட விற்கவில்லை. ஆயினும் எண்பத்தெண்ணாயிரம் லாபம்.

அந்த லாபத்தை நம்பி அங்கே மகாசபையில் ஈவும் போனஸும் அறிவித்தார்கள். கொடுக்கும் நாள் வந்தபோது பெட்டியில் பணம் இல்லை. லாபம் இருந்தது அலமாரியில், மடித்து வைத்த புடவையாக. மத்திய வங்கியில் கடன் வாங்கி ஈவு கொடுத்தார்கள். அடுத்த தீபாவளிக்கு அப்புடவைகள் தள்ளுபடியில் போயின. நூல் வாங்க வைத்திருந்த கடன் வரம்பு ஈவிலே தீர்ந்துவிட்டபடியால், தை முதல் சித்திரை வரை பாதித் தறிகளுக்குப் பாவு இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு "நூல் தட்டுப்பாடு" என்றே தோன்றிற்று.

தள்ளுபடியைப் பற்றி மேலும் ஒன்று. பண்டிகைக் காலத் தள்ளுபடி கைத்தறி வியாபாரத்தின் பழைய வழக்கம். 1935-ம் ஆண்டில் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் தள்ளுபடி விற்பனையை அறியாத குடும்பம் தமிழ்நாட்டில் அரிது. தள்ளுபடித் தொகையை அரசாங்கம் ஈடு செய்யும் ஏற்பாடு இருக்கும் அளவுக்குச் சங்கத்துக்குக் குறைவில்லை. ஈடு செய்யப்படாமல் சங்கமே தாங்கிக்கொள்ளும் தள்ளுபடியாயின், மேற்சொன்ன புடவை 20 சதவீதம் தள்ளி ரூ. 1,056-க்குப் போகும். விற்பனைச் செலவு ரூ. 26 கழித்தால் கைக்கு வருவது ரூ. 1,030. அடக்கத்தைவிட ரூ. 70 குறைவு. அவ்வாறு தள்ளியே விற்க வேண்டியிருக்கும் பழைய ரகங்களை மார்ச்சு இருப்பிலேயே ரூ. 1,030-க்கு எழுதிவிட வேண்டும். மடிப்பில் நிறம் மங்கியவற்றுக்கு அதுவும் கிடைக்காது. இரண்டு தீபாவளி கண்ட துணியைப் புதுத் துணியின் கட்டோடு சேர்த்து எண்ணாமல், வாங்கிய அல்லது நெய்த ஆண்டு வாரியாகப் பிரித்து எழுதினால் கமிட்டியாருக்கு நிலைமை கண்கூடாகத் தெரியும்.

மொத்தக் கிடங்கும் சில்லறைக் கடையும்

மொத்த வியாபாரத்தில் ரகங்கள் சில, அளவு பெரிது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் இருப்பு அட்டை வைத்து, வரவு, பற்று, மீதி என்று அன்றன்றே எழுதி வந்தால், எந்நாளும் இருப்பும் அடக்கமும் தெரிந்துகொண்டே இருக்கும். ஆண்டு முடிவு வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மாதத்துக்கு நான்கு ரகங்களை எதிர்பாராத நாளில் எண்ணி அட்டையோடு ஒப்பிட்டாலே போதும்.

சில்லறைப் பண்டகசாலையின் நிலை வேறு. உப்பு முதல் சோப்பு வரை ஆயிரக்கணக்கான பொருள்கள். ஒவ்வொன்றும் கால் கிலோ, அரைக் கிலோவாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் அட்டை வைத்து எழுத, கையால் எழுதிய காலத்தில் இயலாது. ஆகவே ஒரு குறுக்கு வழி வழங்கி வந்தது. கடைக்கு அனுப்பும் சரக்கை அடக்க விலையில் எழுதுவதோடு விற்பனை விலையிலும் எழுதி, விற்பனை விலைக்கே கடைப் பொறுப்பாளர் கணக்கில் பற்று வைத்துவிடுவார்கள். அவர் பெட்டியில் பணமாகவோ அலமாரியில் சரக்காகவோ அத்தொகைக்கு ஈடு காட்டியாக வேண்டும். 1844-ம் ஆண்டில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் கடை திறந்த பின் பெருகிய ஆங்கிலேயக் கூட்டுறவுக் கடைகளில் இவ்வழக்கம் பரவியிருந்தது. அவ்வியக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டே நம் மாகாணத்தில் 1904-ம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று.

கணக்கு இவ்வாறு போகும். ஆண்டில் கடைக்கு வந்த சரக்கு ஆரம்ப இருப்பு உட்பட அடக்கத்தில் ரூ. 8,00,000, விற்பனை விலையில் ரூ. 10,00,000. ஆகவே விற்பனை விலையில் 80 சதவீதம் அடக்கம். விற்று வந்தது ரூ. 8,50,000. கடையில் விற்பனை விலைக்கு ரூ. 1,50,000 சரக்கு இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இருப்பது ரூ. 1,38,000. குறைவு ரூ. 12,000. இருப்பின் மதிப்பு ரூ. 1,38,000-ல் 80 சதவீதம், அதாவது ரூ. 1,10,400. குறைந்த சரக்கின் அடக்கம் ரூ. 9,600, இது தனியாக விளக்கப்பட வேண்டிய நஷ்டம்.

இம்முறையில் இரண்டு பள்ளங்கள் உண்டு. அரிசியில் லாபம் குறைவு. சோப்பு, சீப்பில் அதிகம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து 80 சதவீதம் என்று கொண்டால், கடைசியில் மிஞ்சியது பெரும்பாலும் அரிசியாக இருக்குமாயின் மதிப்பு தவறும். பிரிவு பிரிவாகக் கணக்கிடுவது நலம். மற்றொன்று, இடையில் விலையைக் குறைத்து விற்றிருந்தால் அதனை அன்றே சீட்டெழுதிப் பதிய வேண்டும். பதியாவிடில் அது பொறுப்பாளர் தலையில் குறைவாக விழும். தான் தின்னாத சரக்குக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அரிசியும் பருப்பும் சிறு சிறு அளவாக நிறுக்கும்போது எடை சிறிது குறைவதும் இயல்பே. அதற்கும் ஓர் அளவைக் கமிட்டி முன்னரே குறித்து வைக்க வேண்டும்.

1974-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ட்ராய் நகரக் கடையொன்றில் கோட்டுக் குறி பொறித்த பொருள் முதன்முதலாக இயந்திரத்தால் படிக்கப்பட்டது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் அவ்வியந்திரம் வந்துவிட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் இருப்பு தானே குறைகிறது. அது எண்ணிக்கையைக் காட்டும். அலமாரியில் பூச்சி அரித்ததை அதனால் காட்ட முடியாது. ஆகையால் இயந்திரம் உள்ள கடையிலும் இருப்பெடுப்பு நின்றுபோகவில்லை.

விவசாயியின் சரக்கு

விளைவிப்போர் சங்கங்களில் வேறொரு பிழை நேர்வதுண்டு. அவிநாசியிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களில் பருத்தி ஏலம் நடப்பதை நம் பகுதியார் அறிவர். அங்கே குவியும் பருத்தி விவசாயிக்குச் சொந்தமானது. சங்கம் விற்றுக் கொடுக்கும் முகவர் மட்டுமே. சரக்கீட்டின் பேரில் கடன் கொடுத்திருந்தாலும் சரக்கு அவருடையதே. சங்கத்துக்கு உரியது கடன் பாக்கியும் கமிஷனுமே. கிடங்கில் இருக்கிறது என்பதற்காக அதைச் சங்கத்தின் இருப்பில் சேர்த்தால், அயலார் மாட்டை நம் தொழுவத்தில் கட்டி எண்ணியது போலாகும்.

ஆயினும் அதன் விலையை அறியாமல் இருக்கலாகாது. ஈரோட்டு மஞ்சள் 2010-ம் ஆண்டில் குவிண்டால் 15,000 ரூபாய்க்கும் மேலே விற்றது. 2012 தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கும் கீழே போயிற்று. உச்ச விலையைக் கொண்டு ஈட்டுக் கடன் கொடுத்திருந்தால், சரக்கை விற்றாலும் கடன் அடையாது. அங்கே குறைத்து மதிப்பிட வேண்டியது இருப்பை அன்று, வர வேண்டிய பாக்கியை.

சங்கமே விலை கொடுத்து வாங்கி விற்பதற்கு வைத்த பருத்தியோ, உரமோ, விதையோ சங்கத்தின் இருப்புதான்; அவற்றுக்கு முன்சொன்ன விதிகளே பொருந்தும். ஆதலால் ஒரே கிடங்கில் இரண்டு வகையும் இருந்தால், நடுவே தடுப்பு வைப்பதோடு ஏட்டிலும் தனித்தனியாக எழுதுவது அவசியம்.

எண்ணும் நாளன்று

பட்டியல் வந்து சரக்கு வராமலும், சரக்கு வந்து பட்டியல் வராமலும் மார்ச்சுக் கடைசியில் சில இருக்கும். கொள்முதலில் எழுதிய சரக்கு வழியில் இருந்தால் இருப்பிலும் சேர்க்க வேண்டும். கிடங்கில் எண்ணிய சரக்குக்குப் பட்டியல் இல்லையெனில் கொள்முதலிலும் எழுத வேண்டும். ஒருபக்கம் மட்டும் எழுதினால் லாபம் அத்தனையும் மாறிவிடும். அன்று காலை முதல் கிடங்கின் வரவு பற்றை நிறுத்தி வைப்பது பழைய நல்ல வழக்கம்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் நூல் வண்டியும் உருளைக்கிழங்கு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் நம் பகுதியில், நெசவாளரும் விவசாயியும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. ஆதலின் எந்தச் சங்கத்து மகாசபையாயினும், ஐந்தொகை வாசிக்கும்போது அங்கத்தினர் எழுந்து இதைக் கேட்கலாம்: சரக்கிருப்பு எந்த விலைக்கு எழுதப்பட்டது, சென்ற ஆண்டும் அதே முறைதானா, ஓராண்டுக்கு மேற்பட்ட சரக்கு எவ்வளவு, தறியில் உள்ளதை எவர் பார்த்தார்? கேட்பது குற்றம் சாட்டுவதாகாது. பதில் சொல்வது காரியதரிசிக்குக் கடினமும் ஆகாது, தாள்கள் ஒழுங்காக இருக்குமாயின்.

தாள்கள் ஒழுங்காக இருப்பதற்குச் செய்ய வேண்டியது சிறிதே. எண்ணுபவர் கிடங்குப் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. அவர் உடன் நின்று பார்க்கட்டும். கமிட்டி அங்கத்தினர் ஒருவராவது இருக்க வேண்டும். ஏட்டில் உள்ள மீதியை முன்னரே தாளில் எழுதிக்கொண்டு வந்து எண்ணக் கூடாது. எண்ணிய பின்னரே ஒப்பிட வேண்டும். தாள்களுக்கு வரிசை எண் இருக்க வேண்டும். பென்சிலால் எழுதக் கூடாது. அடித்துத் திருத்திய இடத்தில் இருவரும் சுருக்கொப்பமிட்டு, எண்ணி முடித்த அந்த இரவிலேயே, கிடங்கைப் பூட்டுமுன், ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திட வேண்டும்.